முந்நூத்துல ரெண்டு

கருவேலாம்பாளையம் மாட்டுச்சந்தைக் கேட்டு ஒன்றரை வருசமாப் பூட்டியே கெடந்துச்சுங்க. பூட்டு துருப்புடிச்சு, அதுக்கு மேல ஒரு குளவி கூடு வேற கட்டிருச்சு. அந்தப் பூட்டத் தொறக்கறதுக்குன்னு ஒரு மனுசன் மிஷினுக்குப் பாடம் சொல்லிக்குடுத்தாரு. அந்தக் கதைதான் இது.

அவரு பேரு அர்த்தநாரி. கால்நடை ஆஸ்பத்திரியில ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவரு. சந்தை நாளுன்னா கேட்டுல நின்னு, வர்ற மாட்டையெல்லாம் பாத்து, சீக்கு இல்லைன்னா உள்ள விடறது அவரு வேலை. நானூறு மாடு வரும். வெடியால ஆறு மணிக்கு நின்னா பத்து மணி வரைக்கும் காலு மாத்தி வெக்க நேரமிருக்காது.

தோல் கழலைன்னு சர்க்காருல சொல்ற நோய், நம்மாளுக அம்மைம்பாங்க, அது வந்த வருசம் இவரு கேட்டுல நின்னுதான் மாட்ட விட்டாரு. அப்படியும் ஒண்ணு உள்ள போயிருச்சு. பத்து நாள்ல சுத்துப்பட்டுல அம்பது மாடு படுத்துருச்சு, போகப் போக ஊரு ஊராப் பரவி நூத்துக்கணக்காச்சு. அதுல ரெண்டு அவரு அக்கா பாவாயியோடது. அதோட சந்தையையும் பூட்டிட்டாங்க.

பாவாயிக்கு அந்த ரெண்டுல ஒண்ணு காராம்பசு. அதப்பத்தி ஒண்ணு சொல்லோணும். அது பாவாயி கையைத் தவிர வேற கைக்குப் பால் குடுக்காது. ஒருக்கா பாவாயி மூணு நாள் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டா. ஊட்டுக்காரரு பக்கத்துல போனா ஒதைக்குது. மனுசன் ரெண்டு நாள் ஒதை வாங்கிப்போட்டு, மூணாம் நாளு பாவாயியோட ஊதாச் சேலையை எடுத்து மீசை தெரியாம முக்காடு போட்டுக்கிட்டு உக்காந்தாரு. நாலு லிட்டரு குடுத்துச்சு! வேலிக்கு அந்தாண்ட நின்னு பாத்தவங்களுக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயித்து வலி வந்துருச்சு. செத்துப்போன மாடு, பாவம். அது கெடக்கட்டும்.

மாடு செத்த அன்னிக்கு பாவாயி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. “யாரு உனக்கு டீ வாங்கிக் குடுத்தாங்கடா, அந்த மாட்ட உள்ள விட?”

“அக்கா, அன்னிக்கு வந்ததுல ஒண்ணுகூட எங்கண்ணுக்குச் சீக்காத் தெரியல.”

“கண்ணு இருந்தாத்தான?”

அதோட சரி. பேச்சு நின்னுபோச்சு. பக்கத்துப் பக்கத்து ஊடு, நடுவுல ஒரு கிளுவை வேலி. வேலிக்கு மேல எட்டிப் பாத்தா மொகத்தத் திருப்பிக்குவா.

அதுக்கப்புறம்தான் அர்த்தநாரி கோகிலவாணிகிட்டப் போனாரு.

கோகிலவாணிக்கு முப்பத்திரெண்டு வயசு. வெளியூருல மிஷினுக்குப் பாக்கறதுக்கும் கேக்கறதுக்கும் கத்துக்குடுக்கற வேலையில இருந்துட்டு, ஊருக்கு வந்து, ஓடாத தறிக்கூடத்துல நாலு கம்ப்யூட்டரப் போட்டு உக்காந்திருந்தா. பக்கத்துக் கூடத்துல தறி ஓடிக்கிட்டேதான் இருக்கும். அந்தச் சத்தத்துல யாராச்சும் ஏதாச்சும் சொன்னா ரெண்டு தடவை சொல்லோணும். ரெண்டாவது தடவை சொல்றப்பவே சொன்னது பொய்யா நெசமான்னு தெரிஞ்சுபோகும்ன்னு சொல்லுவா. அவகிட்டப் படிக்க வந்தவங்க எல்லாம் இருவது வயசுப் புள்ளைக. அவங்களுக்கு நடுவுல இவரு மட்டும் நரைச்ச தலையோட உக்காந்திருந்தாரு. வயசுல சின்னவளா இருந்தாலும் “வாத்தியாரம்மா”ன்னுதான் கூப்புடுவாரு. அவ “அண்ணா”ம்பா.

“எனக்கு ஒரு கண்ணு வேணுமுங்க வாத்தியாரம்மா. அசராத கண்ணு.”

அவ பாடஞ்சொன்னா. இவரு செஞ்சாரு.

நோய் பரவினப்ப ஊடு ஊடாப் போய் இவரே போன்ல எடுத்து வெச்ச படம் அறநூறு இருந்துச்சு. நோய் ஓஞ்சப்புறம் அதே மாதிரி ஊடு ஊடாப் போய் நல்ல மாட்டுப் படம் அறநூறு எடுத்தாரு. இது சீக்கு, இது சொகம்ன்னு மிஷினுக்குக் காட்டிக் காட்டிக் குடுத்தாரு. அப்புறம் வேற ஊருகள்ல எடுத்து, அது பாக்காம ஒதுக்கி வெச்சிருந்த முந்நூறு படத்தக் குடுத்து, சொல்லு பாக்கலாம்னாரு.

முந்நூத்துல ரெண்டுதான் தப்பு.

மனுசனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கிட்டுத் தறிக்கூடத்துக்கு ஓடுனாரு.

கோகிலவாணி மைசூர்பாகத் தொடல. மொகத்துல ஒரு சந்தோசமும் இல்லை. கருவாட்டுக் கடையில நாத்தம் வல்லைன்னா மோந்து பாப்பாங்களே, அப்படிப் பாத்தா.

“பாடம் படிச்ச மாடும் பரீட்சை எழுதின மாடும் ஒண்ணாங்கண்ணா?”

“இல்லைங்க. ஊரே வேற.”

“சீக்கு மாட்ட ஒரு போன்லயும் சொகமான மாட்ட இன்னொரு போன்லயும் எடுத்தீங்களா?”

“ஒரே போனுங்க.”

“படத்துக்குப் பேரு வெச்சப்ப சீக்குன்னு எழுதி வெச்சு, அதை மிஷின் படிச்சிருக்குமா?”

“வெறும் நம்பருங்க. எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதானுங்களே.”

“ரொம்ப நல்லாருக்குதே,” ன்னா அவ. சொன்ன விதத்தப் பாத்தா திட்டின மாதிரி இருந்துச்சு.

“நல்லாருந்தாத் தப்புங்களா?”

“நான் ஏழெட்டு வருசமா இந்த வேலை பாக்கறேன். மொதத் தடவையில எனக்கு இவ்வளவு நல்லா வந்ததே இல்லை. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தவரு. ஒரே ஊசியில முந்நூறு மாட்டுக்கும் சொகமாச்சுன்னு ஒரு கம்பெனிக்காரன் வந்து சொன்னா என்ன பண்ணுவீங்க?”

“ஊசியப் புடுங்கிப் பாப்பனுங்க.”

“அந்தத் தப்பான ரெண்டும் எது?”

“ரெண்டுதானுங்களே. முந்நூத்துல ரெண்டு.”

“சரியானத நான் கேக்கல.”

அவரு கம்ப்யூட்டருல தேடி எடுத்தாரு. ஒண்ணு சொகமான மாடு. அதை மிஷின் சீக்குன்னு சொல்லிருச்சு. இன்னொண்ணு சீக்கு மாடு. அதைச் சொகம்ன்னு சொல்லிருச்சு.

“எவ்வளவு நிச்சயமாச் சொல்லுச்சு?”

பாத்தாரு. ரெண்டையும் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு நிச்சயம்ன்னு சொல்லியிருந்துச்சு.

“தடுமாறித் தப்புப் பண்ணல. தெளிவாத் தப்புப் பண்ணியிருக்குது,” ன்னா. “ரெண்டு ஊட்டுக்கும் நேருல போயிட்டு வாங்க.”

அர்த்தநாரிக்குச் சுருக்குன்னுச்சு. மைசூர்பாகு டப்பாவ எடுத்துக்கிட்டே வெளிய வந்துட்டாரு.

வழியில சந்தைத் தலைவர் குழந்தைவேலு நின்னாரு. ஆளு நல்லவருதான். ஆனா சும்மா நிக்க மாட்டாரு, நிக்கற எடத்துல ஒரு பத்தி கொளுத்தி வெச்சுட்டுத்தான் போவாரு.

“என்னங்ணா, வியாழக்கிழமை தொறந்தறலாமா? பேனருக்குச் சொல்லட்டுங்களா?”

“வாத்தியாரம்மா இன்னும் சரின்னு சொல்லலீங்க.”

“ஏனாம்?”

“ரொம்ப நல்லா வந்திருச்சாம்.”

குழந்தைவேலு சிரிச்சாரு. அப்புறம் சிரிப்ப நிறுத்திப்போட்டுக் குரலத் தணிச்சாரு. “அந்தம்மிணியோட பெரியப்பன் பக்கத்துச் சந்தையில கமிட்டி மெம்பருங்ணா. தெரியுமா? நம்ம கேட்டுப் பூட்டியிருக்கற வரைக்கும் அங்கதான கூட்டம்.”

அவ்வளவுதான் சொன்னாரு. மிச்சத்த அர்த்தநாரியே உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டாரு. நம்மள எதுக்கு அலைய விடறா? எனக்குக் கண்ணு தெரியுமுங்கறது ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு நெனைக்கறாளா? மிஷின் நம்ம கையில ஓடுறது பொறுக்கலையா? நம்மளக் கண்டாப் போனத் தலைகுப்புற வெச்சுக்கறாளே, யாருகிட்டப் பேசிக்கிட்டிருந்தா?

சந்தேகம் வந்தா இப்படித்தானுங்க. சடையம்பாளையத்துல ஒருத்தி, மாமியா சோத்துல என்னமோ கலக்கறான்னு சந்தேகப்பட்டு ரெண்டு மாசம் அவளே தனியா ஆக்கித் தின்னா. ரெண்டு மாசங்கழிச்சுப் பாத்தா, அவ தனியா ஆக்கின உப்பு டப்பாவுலதான் சோடா உப்பு கலந்து கெடந்துச்சு. கடைக்காரன் மாத்திக் குடுத்திருக்கான். ஆனா அந்த மாமியாளும் யோக்கியம் இல்லைங்க, அது வேற கதை.

என்ன நெனைச்சாலும் அர்த்தநாரி போனாரு. சொன்னா செய்யற மனுசன்.

மொத மாடு மாரியம்மன் கோயில் மாடு. சொகமான மாடு. படம் எடுத்தது பண்டிகை சமயம். கழுத்துல வேப்பந்தழை மாலை, நெத்தி நெறைய மஞ்சளும் குங்குமமும். பூசாரி சொன்னாரு, “இதுக்கு இதுநா வரைக்கும் தும்மல்கூட வந்ததில்லீங்க.”

ரெண்டாவது மாடு தரகர் மாரப்பனோடது. இப்ப மாடு இல்லை. வித்தாச்சு. “எனக்கு எதுவும் ஞாபகமில்லீங்க” ன்னு மாரப்பன் உள்ள போயிட்டான். அர்த்தநாரி போன்ல இருந்த படத்தப் பெருசு பண்ணிப் பாத்தாரு. கட்டி இருந்துச்சு, தோள்பட்டையில, கழுத்துல. ஆனா ஒடம்பு பளபளன்னு மின்னுச்சு. நல்லாத் தேச்சுக் குளிப்பாட்டிக் கடலெண்ணெய் பூசியிருந்தான்.

அந்தப் பளபளப்ப எங்கியோ பாத்த மாதிரி இருந்துச்சு அவருக்கு. எங்கன்னு நெனைச்சுப் பாக்கறதுக்குள்ள குழந்தைவேலு போன் வந்திருச்சு.

“வியாழக்கிழமைங்ணா. ஊரே எதிர்பாக்குது.”

தறிக்கூடத்துக்குத் திரும்பி வந்தாரு.

“பாத்தேனுங்க. ஒண்ணு கோயில் மாடு. ஒண்ணு தரகன் மாடு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லீங்க.”

“ஒடம்புல என்ன இருந்துச்சு?”

“கோயில் மாட்டுல மஞ்சளு, தழை. எப்பவும் இருக்கறதுதானுங்க. இன்னொண்ணுல ஒண்ணுமில்லீங்க. சுத்தமா இருந்துச்சு.”

கோகிலவாணி அவரு மொகத்தையே பாத்தா. அவரு வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு.

“கேட்டே போடறனுங்க. உங்க பெரியப்பாரு பக்கத்துச் சந்தைக் கமிட்டியிலதான இருக்கறாரு?”

“இருக்கறாரு.”

“அதுக்கும் இதுக்கும்…”

“சந்தேகப்படுங்க,” ன்னா. கோவமே இல்லை. “என்னையும் சேத்துச் சந்தேகப்படுங்க, தப்பில்லை. அந்த முந்நூத்த மட்டும் சந்தேகப்படாம விட்டுப்போடாதீங்க. சத்தியமாச் சொகம்ன்னு உங்களுக்குத் தெரிஞ்ச மாடு ஒண்ணு காட்டுங்க.”

அர்த்தநாரி யோசிக்கவே இல்லை. தெனமும் காலையில வேலிக்கு மேல பாக்கற மாடு ஒண்ணு இருக்குதே.

“எங்கக்காகிட்ட ஒரு செவலைக் கெடாரி இருக்குதுங்க. ஆனா அவ எங்கூடப் பேச மாட்டா.”

“நான் பேசறேன்.”

ரெண்டு பேரும் போனாங்க. அர்த்தநாரி வேலி ஓரத்துலயே நின்னுக்கிட்டாரு. பாவாயி கட்டுத்தறியில சாணி வழிச்சுக்கிட்டிருந்தா. தம்பியப் பாக்காத மாதிரியே வந்தவளப் பாத்தா.

“யாரு அம்மிணி நீ?”

“மிஷின் சொல்லிக்குடுக்கறவங்க பெரியம்மா. உங்க கெடாரியப் படம் புடிச்சுக்கலாமுங்களா?”

“புடிச்சுக்கோ. வேலி ஓரத்துல நிக்கறவன் கண்ணு படாமப் புடிச்சுக்கோ.”

கோகிலவாணி போன்ல படம் புடிச்சா. மிஷின் பச்சை காட்டுச்சு. சொகம். தொண்ணூத்தேழு.

அர்த்தநாரி வேலி ஓரத்துல இருந்தே, “நாஞ்சொன்னனுங்கல்ல!” ன்னாரு.

“பெரியம்மா, மஞ்சத்தூளு இருக்குதுங்களா? நாலு கொத்து வேப்பந்தழையும் வேணும்.”

“எதுக்கு?”

“கெடாரிக்குப் பூசோணும்.”

பாவாயி சாணிக் கூடையக் கீழ வெச்சா. “அதுக்கு ஒண்ணுமில்லையே. சீக்கு வந்ததுக்குத்தான் பூசுவோம். சும்மா இருக்கறதுக்குப் பூசுனா அம்மாவ வாம்மான்னு கூப்புட்ட மாதிரி ஆகிப்போகும்.”

“ஒரு நிமிசத்துக்குத்தான். நானே கழுவி உட்டுர்றேன்.”

பாவாயி அவ மொகத்தப் பாத்தா. அப்புறம் உள்ள போய் மஞ்சளக் கரைச்சு எடுத்துட்டு வந்தா. போன வருசம் காராம்பசுவுக்குப் பூசின அதே சட்டிதான். தோளு, கழுத்து, நெத்தின்னு கை தானாப் போச்சு. தழைய எடுத்துக் கழுத்துக் கயித்துல செருகினா.

கோகிலவாணி படம் புடிச்சு, போன பாவாயி பக்கமாத் திருப்பினா.

செகப்பு. அம்மை. தொண்ணூத்தொம்பது.

பாவாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனா செகப்பு தெரியும்.

“ஐயோ சாமி!” ன்னு கெடாரி மேல விழுந்தா. கழுத்தத் தடவுனா. காதத் திருப்பிப் பாத்தா. வயித்துக்கடியில கைய உட்டு ஒவ்வொரு காம்பாப் புடிச்சுப் பாத்தா. காலுக்கு நடுவுல மோந்து பாத்தா. “ஒண்ணுமில்லையே… எங்கயும் கட்டி இல்லையே… காச்ச இல்லையே…”

கெடாரிக்கு ஒண்ணும் புரியல. அசை போட்டுக்கிட்டே அவ முந்தானைய நக்குச்சு.

அர்த்தநாரி வேலியத் தாண்டிட்டாரு. கிளுவை குத்தி வேட்டி கிழிஞ்சுது, அதக்கூடப் பாக்கல. ஓடிப்போய்த் தொட்டித் தண்ணியக் கொடத்துல மோந்து மோந்து கெடாரி மேல ஊத்தினாரு. மஞ்சத் தண்ணி காலுக்கடியில ஓடுச்சு. தழையப் புடுங்கி வீசினாரு. தோள்ல கெடந்த துண்டால தொடைச்சாரு. அப்புறம் அவரே தம் போன எடுத்துப் படம் புடிச்சாரு.

பச்சை. சொகம். தொண்ணூத்தேழு.

கெடாரி ஒடம்பச் சிலுப்பி மூணு பேரு மேலயும் தண்ணி தெளிச்சுச்சு.

“அறநூறு படம்,” ன்னாரு அர்த்தநாரி. தனக்குத்தானே பேசற மாதிரி. “ஒரு ஊட்டுலயாச்சும் பூசாம இருந்தாங்களா? அந்த மாரப்பனத் தவிர எல்லாரும் பூசியிருந்தாங்க. நாந்தான் பூசச் சொன்னேன். மஞ்சளும் வேப்பந்தழையும் அரைச்சுப் பூசுங்கன்னு ஊடு ஊடாச் சொல்லிப்போட்டு, அடுத்த நாளுதான் படம் புடிச்சேன்.”



அவரு போன் அடிச்சுது. குழந்தைவேலு.

“பேனர்க்காரன் நிக்கறானுங்ணா. அடிக்கச் சொல்லட்டுங்களா?”

“வேண்டாமுங்க.”

“என்னங்ணா இது? அந்தம்மிணி ஏதாச்சும்…”

“அவங்க இல்லீங்க. நாந்தான் சொல்றேன். வியாழக்கிழமை இல்லீங்க. கேட்டத் தொறக்காதீங்க.”

போனப் பாக்கெட்டுல போட்டாரு. கை ஈரமா இருந்துச்சு. கொடத்தக் கீழ வெச்சாரு. வெச்ச கொடம் உருண்டு போச்சு. அத எடுக்கக்கூட இல்லை.

“அப்ப அது என்னத்தத்தானுங்க கத்துக்கிச்சு, வாத்தியாரம்மா?”

“ஊட்டுக்காரங்களுக்குத் தெரியுமான்னு கத்துக்கிச்சு.”

“புரியலீங்க.”

“மாட்டுக்குச் சீக்குன்னு மஞ்சப் பூசி ஒத்துக்கிட்ட ஊட்டு மாட்ட எல்லாம் புடிச்சிருச்சு. ஒத்துக்காத ஊட்டு மாட்ட ஒண்ணே ஒண்ணு பாத்துச்சு. விட்டுருச்சு.”

அர்த்தநாரிக்கு அப்பத்தான் அந்தப் பளபளப்பு எங்க பாத்ததுன்னு ஞாபகம் வந்துச்சு. சீக்கு உள்ள போன அந்தச் சந்தை நாளு, வெடியால வெயிலு. கேட்டு. வரிசை. எண்ணெய் மின்ன மின்ன ஒரு மாடு, நாலு மாட்டுக்கு நடுவுல. என்ன லட்சணமா இருக்குதுன்னு அவரே தட்டிக்குடுத்து உள்ள விட்டாரு.

அவரு கட்டுத்தறிக் கல்லு மேல உக்காந்துட்டாரு. பாவாயி கெடாரி கழுத்த விடாம நின்னுக்கிட்டு, மொதத் தடவையா, ஒன்றரை வருசத்துல மொதத் தடவையா, அவரு பக்கமாப் பாத்தா.

“எங்கண்ணுதானுங்க மோசம்,” ன்னாரு. “மிஷினாச்சும் எனக்கு மேல இருக்கும்ன்னு நெனைச்சேன்.”

கோகிலவாணி கீழ கெடந்த வேப்பந்தழையப் பொறுக்கிக்கிட்டே கேட்டா.

“நீங்க கேட்டுல நின்ன அன்னிக்கு, விக்க வந்ததுல மஞ்சப் பூசின மாடு எத்தனைங்கண்ணா?”

அவரு எண்ணறதுக்கு வெரல நீட்டுனாரு. ஒரு வெரலுகூட மடங்கல.

“கேக்கறாங்கல்ல,” ன்னா பாவாயி. “சொல்லுடா.”